வால்வு சைலன்சர்: பூட்டும் முறையும் பூட்டலாமா என்ற கேள்வியும்

காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களுக்கும் காருக்கும் உள்ள உறவு பழையதாகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை 2010-லும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-லும் வந்தன. கம்பெனி பஸ் வந்து ஆளேற்றிப் போகும் ஊர்களில் இன்று ஐ.டி.ஐ. முடித்த இளைஞருக்கு டார்க் ரெஞ்சும் தெரியும், வயரிங் படமும் தெரியும். கையில் நாலு காசு சேர்ந்ததும் செகண்ட்ஹேண்டில் ஒரு கார் வாங்குகிறார். அடுத்து அதைத் தன் விருப்பப்படி மாற்ற ஆசைப்படுகிறார். அலாய் வீல், சீட் கவர், ஸ்பீக்கர் என்று நீளும் அந்தப் பட்டியலில் அண்மையில் சேர்ந்திருப்பது வால்வு வைத்த சைலன்சர். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் கார் உறுமும், இன்னொன்றை அழுத்தினால் அடங்கும்.

ஊருக்குள் நுழையும்போது மூடிக்கொள்ளலாம், வெளியே போனதும் திறந்துகொள்ளலாம் என்பதுதான் விற்பவர்கள் சொல்லும் நியாயம். இந்த நியாயம் எவ்வளவு தூரம் நிற்கிறது? பொருள் எப்படி வேலை செய்கிறது, அதை ஒழுங்காகப் பூட்டி வயரிங் செய்வது எப்படி, பூட்டியபின் என்ன பழுதாகிறது, சட்டம் என்ன சொல்கிறது, இதே மாவட்டத்துப் புள்ளலூர் போன்ற ஓர் ஊரில் அதற்கு இடம் உண்டா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழைய ஆசை, புதிய வால்வு

காரின் சைலன்சருக்கு வயது ஏறக்குறைய காரின் வயதே. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். சைலன்சர் வந்த சூட்டிலேயே அதைத் தாண்டிப் புகையை விடும் வழியும் வந்துவிட்டது. ஆரம்பகாலக் கார்களில் ‘கட்-அவுட்’ என்று ஒரு மூடி இருந்தது. ஓட்டுநர் காலால் மிதித்தோ கம்பியை இழுத்தோ அதைத் திறந்தால், புகை சைலன்சருக்குள் போகாமல் நேரே வெளியேறும். மேடு ஏறக் கொஞ்சம் தெம்பு கிடைக்கும் என்பது அன்றைய காரணம். தெருவில் குதிரைகள் மிரண்டன, மக்கள் புகார் செய்தார்கள், பல நகரங்கள் கட்-அவுட்டைத் தடை செய்தன. ஆக, இன்று நாம் கேட்கும் கேள்வி நூறாண்டுக்கு முன்பே ஒரு சுற்று வந்து போனது.

இரண்டாம் சுற்றில் வால்வு சத்தத்துக்காக வரவில்லை, எஞ்சினுக்காக வந்தது. யமஹா 1987-ல் தன் எஃப்.இஸட்.ஆர். 400 ஆர் பைக்கில் ‘எக்ஸப்’ என்ற வால்வை வைத்தது. குறைந்த சுற்றில் புகைவழியைக் குறுக்கியும், கூடிய சுற்றில் விரித்தும் எஞ்சின் எல்லா வேகத்திலும் சீராக இழுக்கச் செய்வது அதன் வேலை. பிறகு விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் வால்வை எடுத்துக்கொண்டன. ஒலிச் சோதனையில் தேறவும் வேண்டும், வாங்கியவர் காதுக்கு விருந்தும் வேண்டும் என்ற இரட்டைத் தேவைக்கு அது வாகாக அமைந்தது. ஸ்லோவேனியாவின் அக்ராபோவிச், ஆஸ்திரியாவின் ரெமுஸ் போன்ற நிறுவனங்கள் வெளியில் வாங்கிப் பூட்டும் வால்வு செட்டுகளைப் பிரபலமாக்கின. இன்று பெயர் தெரியாத தயாரிப்பாளர்களின் மலிவு செட்டுகளும் தபாலில் வீடு தேடி வருகின்றன.

உள்ளே என்ன நடக்கிறது

எஞ்சினிலிருந்து வரும் புகை மேனிஃபோல்டு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், நெளியும் பைப், நடு ரெசனேட்டர், பின் சைலன்சர் என்ற வரிசையில் வெளியேறுகிறது. பின் சைலன்சரில் அறைகளும் துளைக் குழாய்களும் கண்ணாடிப் பஞ்சும் இருக்கும். ஒலியலைகள் அங்கே ஒன்றோடொன்று மோதியும் பஞ்சில் தேய்ந்தும் அடங்குகின்றன. வால்வு என்பது குழாய்க்குள் ஓர் அச்சில் சுழலும் வட்டத் தகடு. நல்ல செட்டில் புகைக்கு இரண்டு வழி உண்டு: ஒன்று அறைகள் வழியே சுற்றிப் போவது, இன்னொன்று நேரே போவது. தகடு நேர்வழியை மூடினால் புகை சுற்றுவழியில் போய் அடங்கும்.

மலிவு செட்டில் இந்த இரண்டாம் வழி இருக்காது. நேர்க்குழாயின் நடுவில் ஒரு தகடு, அவ்வளவுதான். அதை மூடினால் தகட்டின் ஓரத்து இடுக்கில் மட்டுமே புகை கசியும். எஞ்சினுக்குப் பின்னழுத்தம் ஏறும், குழாய் சூடாகும், மூடியபடி வேகமெடுத்தால் வண்டி இழுக்காது. எனவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தகடு எந்த வழியை மூடுகிறது என்பதைத்தான். டெயில் முனையில் டார்ச் அடித்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பூட்டியவர்கள் அதிகம் புலம்புவது காருக்குள் கேட்கும் ‘ஹூம்’ என்ற இரைச்சலைப் பற்றி. அதற்கு ஒரு கணக்கு உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிகிறது. நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓடினால் விநாடிக்கு ஏறத்தாழ 83 துடிப்பு. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது எஞ்சின் இந்தச் சுற்றின் பக்கத்தில்தான் நிற்கும். இவ்வளவு தாழ்ந்த ஒலியைப் பஞ்சால் அடக்க முடியாது. காரின் கூடே சேர்ந்து அதிரும். கைதேர்ந்தவர்கள் இதற்கு ஒரு முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் பற்றவைப்பார்கள். அதன் நீளம் ஒலியலையின் நீளத்தில் கால்பங்கு இருந்தால், உள்ளே போய்த் திரும்பி வரும் அலை எதிர்நிலையில் வந்து மூல அலையை அழிக்கும். சூடான புகையில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் என்று கொண்டால், 83 துடிப்புக்குக் கிளைக்குழாய் 1.35 மீட்டர் வேண்டும். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு அதே சுற்றில் 1.8 மீட்டர். சின்னக் காரின் அடியில் அவ்வளவு குழாய்க்கு இடம் தேடுவது பெரும்பாடு. வால்வை மூடினால் இரைச்சல் போய்விடும் என்பது சுற்றுவழி ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட செட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

பவர் கூடுமா என்பது அடுத்த கேள்வி. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் மாற்றினால், சாதாரண எஞ்சினில் கிடைப்பது மிகச் சொற்பம். டர்போ எஞ்சினில் சற்றுக் கூடலாம். சத்தம் கூடினால் வேகமும் கூடியதாகக் காது நம்பிவிடும். கடிகாரத்தை வைத்து அளந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

வேக்குவமா, மோட்டாரா?

தகட்டைச் சுழற்ற இரண்டு வழி. முதலாவது வேக்குவம். இன்டேக் மேனிஃபோல்டில் எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தை மெல்லிய ரப்பர் ஓஸ் வழியே கொண்டுவந்து, ஒரு டயாஃப்ரம் டப்பாவுக்குள் விட்டுத் தண்டை இழுக்கச் செய்வது. திரும்பி வர ஸ்பிரிங் உண்டு. நடுவே ஒரு சொலினாய்டு வால்வு மின்சாரத்தால் திறந்து மூடும். பாகங்கள் குறைவு, சூட்டைத் தாங்கும், வயரிங்கும் எளிது. டர்போ காரில் மட்டும் ஒரு சிக்கல்: ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மேனிஃபோல்டில் வெற்றிடம் போய் அழுத்தம் ஏறிவிடும். அதற்கு ஒருவழி வால்வும் ஒரு சின்னச் சேமிப்புத் தொட்டியும் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது மின் மோட்டார். கியர் வைத்த 12 வோல்ட் மோட்டார் தகட்டின் அச்சோடு நேரே இணைந்திருக்கும். ஓஸ் இழுக்கும் வேலை இல்லை, ரிமோட்டும் உண்டு என்பதால் சந்தையில் இதுதான் அதிகம் விற்கிறது. ஆனால் மோட்டார் இருப்பது காரின் அடியில், சூட்டுக்கும் சேற்றுக்கும் பக்கத்தில். இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு பழுதாகும்போதுதான் வெளிப்படும். அதை வயரிங் பகுதியில் பார்ப்போம்.

பட்டறையில் பூட்டும்போது

வண்டி நன்றாக ஆறியபின்தான் வேலை தொடங்க வேண்டும். பழைய போல்டுகள் துருவேறியிருக்கும். முந்தைய நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்தால் உடையாமல் வரும். கழற்றும்போது ஹேங்கர் ரப்பரைக் கத்தியால் அறுக்காமல், சோப்புத் தண்ணீர் விட்டு நழுவவைத்து எடுத்தால் மறுபடி பயன்படும்.

புதிய குழாயை முதலில் ரப்பரில் தொங்கவிட்டு இணைப்புகளில் பொட்டுப் பொட்டாக மட்டும் பற்றவைக்க வேண்டும். பிறகு வண்டியைச் சக்கரத்தில் நிற்கவிட்டு, பின்சீட்டில் ஆளை உட்காரவைத்து, குழாயைக் கையால் நாலாபக்கமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பம்பரில் தட்டுகிறதா, ஆக்ஸிலில் இடிக்கிறதா, பெட்ரோல் டேங்குக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பயணிகளை ஏற்றும் வாகனத்தில் எரிபொருள் குழாய்க்குப் புகைக்குழாய் 35 மில்லிமீட்டருக்குள் வரக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 113-ஆம் விதி சொல்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக விட்டு, இடையில் அலுமினியத் தடுப்பும் வைப்பதே நல்லது. நம் ஊர் வேகத்தடைகளின் உயரம் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். பழைய சைலன்சரைவிட ஓர் அங்குலம் கீழே தொங்கினாலும் முதல் வாரத்திலேயே உரசும்.

முழு வெல்டிங்கை டேங்குக்கு அடியில் வைத்துச் செய்யக்கூடாது. குழாயைக் கழற்றிக் கீழே வைத்துப் பற்றவைத்து மறுபடி மாட்ட வேண்டும். காரிலேயே பற்றவைத்துத் தீர வேண்டுமானால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும்; வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்தின் பக்கத்திலேயே கவ்வ வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ஆபத்து. குழாய் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் நீடிக்கும். சாதாரண இரும்புக் குழாய்க்கு வெள்ளி பெயின்ட் அடித்து விற்பவர்களும் உண்டு.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் ஆக்ஸிஜன் சென்சார்களையும் தொடவே கூடாது. 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 தரத்தில் வந்த கார்களில் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்கிறதா என்பதை எஞ்சின் கம்ப்யூட்டரே கண்காணிக்கிறது. சென்சாருக்கு முன்னால் இணைப்பு கசிந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டுத் தவறான அளவு போகும். டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எஞ்சின் சூடேறுவதற்கு முன், ஐடிலில் ஓடவிட்டு, டெயில் முனையைத் தடித்த துணியால் சில விநாடி அடைத்தால் கசிவுள்ள இணைப்பில் ‘புஸ்’ என்று கேட்கும்.

தகட்டின் அச்சு எந்தத் திசையில் நிற்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. காலையில் கடைக்கும் மாலையில் பள்ளிக்கும் என்று இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் குழாய் முழுதாகச் சூடேறுவதே இல்லை. அந்த ஆவி சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகத் தங்கும். மோட்டார் கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் அச்சு வழியாக அதற்குள் இறங்கும். எனவே அச்சு படுக்கையாகவும், மோட்டார் பக்கவாட்டில் அல்லது சற்று மேலேயும், பின்சக்கரம் வாரியடிக்கும் சேற்றுக்கு மறைவாகவும் இருக்க வேண்டும்.

வயரிங்: ஆறு கட்டளை

பூட்டுவது வெல்டர் வேலை. வால்வின் ஆயுளைத் தீர்மானிப்பது எலக்ட்ரீஷியன் வேலை. பெரும்பாலான மோட்டார் செட்டுகளில் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மூன்று வயர் வரும்: நிரந்தர மின்சாரம், இக்னிஷன் லைன், எர்த். அங்கிருந்து மோட்டாருக்கு ஒன்றோ இரண்டோ இணைப்புகள் போகும்.

முதலாவது, மின்சாரம் எடுக்கும் இடம். ஹெட்லைட், டெயில் லைட் வயர்களைச் சுரண்டிச் சேர்ப்பது பழைய பழக்கம். இன்றைய கார்களில் அந்த வயர்களை பாடி கம்ப்யூட்டர் அளந்துகொண்டே இருக்கிறது. புதிய சுமை வந்தால் பழுது என்று எண்ணிக்கொள்ளும். ஃபியூஸ் பெட்டியில் துணைக்கருவிகளுக்கான ஃபியூஸ் இடத்தில் ‘ஃபியூஸ் டேப்’ செருகித் தனி ஃபியூஸோடு எடுப்பதே முறை. பேட்டரியிலிருந்து நேரே எடுத்தால் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மறுமுனையில் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. ஃபியூஸின் ஆம்பியர் செட்டோடு வரும் தாளில் குறித்த அளவுதான். அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடுவது தீயை அழைப்பதற்குச் சமம்.

இரண்டாவது, தொடக்கூடாத வயர்கள். மஞ்சள் உறையும் மஞ்சள் கனெக்டரும் ஏர்பேக் வயரிங். ஹைபிரிட் காரில் ஆரஞ்சு உறை உயர் மின்னழுத்தம். முறுக்கி ஓடும் ஜோடி வயர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் பாதை. இவற்றில் ஊசி குத்திப் பார்ப்பதுகூட வேண்டாம்.

மூன்றாவது, வயரின் தடிமன். முன்னாலிருந்து பின்னால் போக ஐந்து மீட்டர், திரும்பி வர ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரை சதுர மில்லிமீட்டர் வயரில் மோட்டார் மூன்று ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே ஏறத்தாழ ஒரு வோல்ட் போய்விடும். ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு பாதி. குளிர்காலக் காலையில் பேட்டரி தளர்ந்திருக்கும்போது தகடு பாதியில் நின்றுவிடுவதற்கு இப்படிப்பட்ட மெல்லிய வயரும் ஒரு காரணம்.

நான்காவது, எர்த். மோட்டார் குழாயில் இருக்கிறதே என்று குழாயிலேயே எர்த் கொடுப்பது பெரிய தப்பு. புகைக்குழாய் ரப்பரில் தொங்குகிறது. பாடியோடு அதற்கு நல்ல மின்தொடர்பு கிடையாது. பெயின்ட்டைச் சுரண்டி, வளைய லக் வைத்து, பாடி போல்டில் இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும்.

ஐந்தாவது, வயர் போகும் பாதை. டிக்கித் தரையில் துளை போட்டால் ரப்பர் குரோமெட் இல்லாமல் வயரை விடக்கூடாது. வெளியே வந்த வயர் புகைக்குழாயைத் தொடாமல் கண்ணாடியிழை உறைக்குள் ஓடி, அரையடிக்கு ஒரு கட்டோடு நிற்க வேண்டும். மோட்டாருக்குச் சற்று முன் வயர் கீழே வளைந்து மேலேறினால், வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது.

ஆறாவது, நிறுத்தி வைத்த வண்டி இழுக்கும் மின்சாரம். ரிமோட்டுக்காகப் பெட்டி எப்போதும் விழித்திருந்தால் அது 30 மில்லிஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். ஒரு மாதத்தில் அது 21.6 ஆம்பியர்-மணி. சின்னக் காரின் 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கும் மேல். வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் காருக்கு இது பேட்டரிச் சாவு. வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை நெகட்டிவ் முனையில் தொடராக வைத்து அளந்துவிட்டுத்தான் பில் போட வேண்டும்.

இந்த ஆறையும் சரியாகச் செய்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும்: மின்சாரம் நின்றுபோனால் தகடு எந்த நிலையில் நிற்கும்? இந்தத் தொழில்நுட்பத்தின் முழு நியாயமும் இதில்தான் இருக்கிறது. வேக்குவம் செட்டுகளில் ஸ்பிரிங் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போய் நிற்கும். சிலவற்றில் வெற்றிடம் தகட்டை மூடும், ஸ்பிரிங் திறக்கும். ஓஸில் விரிசல் விட்டால் கார் அன்று முழுவதும் உறுமிக்கொண்டே ஓடும். மறுவகையில் ஸ்பிரிங் மூடும். ஓஸ் போனால் அமைதி. மோட்டார் செட்டில் பெரும்பாலும் கியர் பிடித்துக்கொள்வதால், எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். திறந்திருந்தபோது ஃபியூஸ் போனால் வீடு வரை திறந்தே வரும். நல்ல கட்டுப்பாட்டுப் பெட்டி இக்னிஷன் அணைந்ததும் தகட்டை மூடிவிட்டுத் தூங்கும். ஒவ்வொரு பயணமும் மூடிய நிலையில் தொடங்கும் என்பதற்கு அது ஓரளவு உத்தரவாதம்.

பூட்டியபின் வரும் பழுதுகள்

அச்சும் அது சுழலும் புஷ்ஷும் முதலில் தேயும். ஐடிலில் ‘டிக் டிக்’ என்று தகடு தட்டும் ஓசை அதன் அறிகுறி. கரியும் துருவும் சேர்ந்தால் தகடு இறுகும். மோட்டார் தள்ளித் தள்ளி ஓய்ந்து எரியும், அல்லது அதன் பிளாஸ்டிக் கியர் பல் இழக்கும். நாள்தோறும் ஒருமுறையாவது திறந்து மூடினால் இறுகுவது குறையும் என்பது மெக்கானிக்குகளின் அனுபவம். ஆனால் வால்வு உண்மையில் மூடியே இருக்க வேண்டிய ஊரில் அதை எங்கே திறப்பது? வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பித் தரைப்பாலங்களில் தண்ணீர் ஓடும் நாட்களில் மோட்டார் முழுகுவதும் நடக்கும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் அது அபூர்வம் அன்று.

தொழிற்சாலையிலேயே வால்வு பூட்டி வந்த கார்களில் தகட்டின் நிலையை எஞ்சின் கம்ப்யூட்டர் அறியும். அவற்றில் மோட்டாரைக் கழற்றிவிட்டால் பழுதுக் குறியீடு விழும். உறுமல் வேண்டும் என்று அந்த இணைப்பைப் பிடுங்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். செலவில்லாத மாற்றம் என்று நினைப்பார்கள். சட்டத்தின் கண்ணில் அதுவும் மாற்றமே.

சட்டம் எங்கே நிற்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வாகனத்தை உரிமையாளர் மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு அளித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதை இன்னும் இறுக்கியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவின்படி, சட்டவிரோதமான ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சாலைப் பாதுகாப்பு, ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் 190(2) பிரிவு பாயும்: முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம், ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் செல்லாது. விதி 120, எல்லா வாகனத்துக்கும் புகை வெளியேறும் ஒலியை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது.

காருக்கான ஒலி வரம்பு 74 டெசிபல். வேகமெடுத்துப் போகும் காரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி அளப்பது முறை. இந்தச் சோதனை தயாரிப்பாளர் தன் மாடலுக்கு ஒப்புதல் வாங்கும்போது நடப்பது. நாம் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை எடுக்கும் புகைச் சான்றிதழ் ஒலியை அளப்பதே இல்லை. அதனால் சான்றிதழ் கையில் இருப்பதை ‘சைலன்சர் பாஸ்’ என்று எடுத்துக்கொள்வது தவறு. வாரண்டி, இன்சூரன்ஸ் இரண்டிலும் அறிவிக்காத மாற்றம் பின்னால் தகராறுக்கு இடம் கொடுக்கும்.

மூடிய நிலையில் சத்தம் இல்லையே என்ற வாதம் எங்கே உடைகிறது என்பதை ஐரோப்பிய விதிகளில் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே 2014-ல் வந்த 540 எண் ஒழுங்குமுறை சாதாரணக் கார்களின் வரம்பை 72, 70, 68 டெசிபல் என்று மூன்று கட்டமாக இறக்குகிறது. அளக்கும் முறை வேறு என்பதால் நம் 74-ஓடு அதை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. கவனிக்க வேண்டியது வேறொன்று: ஓட்டுநர் மாற்றக்கூடிய நிலைகள் உள்ள காரில் எந்த நிலையிலும் வரம்பு மீறக்கூடாது என்பது அங்கே விதி. வால்வு காரை மதிப்பிட வேண்டியது அதன் உரத்த நிலையை வைத்துத்தான். வெளியில் வாங்கும் சைலன்சருக்கும் அங்கே தனிச் சோதனையும் ஒப்புதல் முத்திரையும் உண்டு. நம் ஊர்க் கடையில் அப்படி முத்திரை பார்த்து வாங்கும் வழக்கமே இல்லை.

புள்ளலூரில் சத்தம் எவ்வளவு தூரம் போகும்?

நகரத்தில் பஸ், லாரி, ஹாரன் இரைச்சலில் ஒரு கார் உறுமினால் கரைந்துவிடும். வயலும் ஏரியும் சூழ்ந்த சமவெளியில் இரவு எட்டு மணிக்கு மேல் நிலைமை வேறு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. தூரம் இரட்டிக்கும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். வரம்புக்குள் 74 டெசிபலில் போகும் கார் ஏறத்தாழ 210 மீட்டர் தள்ளி 45-க்கு இறங்கிவிடும். திறந்த வால்வோடு 94 டெசிபல் எழுப்பும் கார் ஒன்றைக் கற்பனை செய்தால், அது 45-க்கு இறங்க இரண்டு கிலோமீட்டர் ஆகும். மரமும் வீடும் காற்றும் இந்தக் கணக்கைக் குறைக்கவோ கூட்டவோ செய்யலாம். ஆனாலும் ஒரு பொத்தான் அழுத்தலில் ஒரு காரின் ஒலி எட்டும் தூரம் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது.

இந்த மண்ணில் ஒலி தூரம் போகும் என்பதற்கு வரலாற்றுச் சாட்சியும் இருக்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை இதே புள்ளலூரில் வளைத்து முறியடித்தார்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. காஞ்சிபுரத்தில் படையோடு முகாமிட்டிருந்த தளபதி மன்றோவுக்குப் பீரங்கிச் சத்தம் கேட்டது. உதவி போய்ச் சேரவில்லை.

சத்தத்தைத் தானாகவே துறந்த ஊரும் இதே வட்டாரத்தில் உண்டு. இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் வேடந்தாங்கலில், ஏரிக்கு வரும் பறவைகள் மிரளும் என்று மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அபராதம் போட்டு வந்த பழக்கமில்லை இது, ஊர் கூடி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஆண்டுக்கு ஒரு நாள் வெடியையே விட்டவர்கள் நடுவே, தினமும் உறுமும் காருக்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

அப்படியானால் இதற்கு இடமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் இதே மாவட்டத்தில். இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் 1990 முதல் இயங்குகிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடுவதும் அதற்கேற்ற புகைவழியும் அங்கே இயல்பு. பார்க்க வருபவர்களும் அந்தச் சத்தத்துக்காகவே வருகிறார்கள். பந்தயத்துக்கும் வரம்பில்லாமல் இல்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுத் தெருப்பந்தயம் நடந்தபோது, பந்தயம் தொடர்பான வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயின. பந்தயத்துக்குத் தனித் தடம் ஏன் வேண்டும் என்பதற்கு அதுவே ஒரு விளக்கம்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு இதுதான். பொறியியலாகப் பார்த்தால் வால்வு சைலன்சர் கெட்டிக்காரத்தனமான பொருள். இரண்டு புகைவழி உள்ள நல்ல செட், கன்வெர்ட்டரைத் தொடாத பொருத்தல், தனி ஃபியூஸோடு முறையான வயரிங், மின்சாரம் போனால் மூடிக்கொள்ளும் அமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்தால் அது நம்பகமாகவே வேலை செய்யும். ஆனால் தயாரிப்பாளர் ஒப்புதலில் இல்லாத செட்டைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு இன்றைய சட்டத்தில் வழியில்லை. மூடி வைத்து ஓட்டுகிறேன் என்பது அதற்குப் பதிலாகாது. அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாற்றுச் சைலன்சர்களை எல்லா நிலையிலும் சோதித்து முத்திரை தரும் முறையைக் கொண்டுவந்து, புகைச் சான்றிதழ் மையங்களில் ஒலி அளவையும் சேர்த்தால், ஆசையுள்ள இளைஞருக்கு நேர்வழி ஒன்று திறக்கும். பட்டறைக்காரருக்கும் பயமில்லாத தொழில் கிடைக்கும்.

அதுவரை வாசகருக்குச் சொல்ல இரண்டே வார்த்தை. பந்தயத் தடத்துக்காகப் பூட்டுவதானால், பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு, வால்வைத் திறக்கச் சொல்லி, ஃபியூஸைப் பிடுங்கிப் பாருங்கள். தகடு மூடவில்லை என்றால் அந்த செட் வேண்டாம். சாலையில் ஓட்டத்தான் ஆசை என்றால், கம்பெனி சைலன்சரைக் கழற்றவே வேண்டாம்.